பின்னால் இன்னொருவர்

அண்ணன் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், வருடக்கணக்காக ஒரே கூட்டத்தில் ஓட்டியவர்கள் நாங்கள். ஆனால் அவர் எப்போதும் கடைசி ஆள். நான் பயந்தாங்கொள்ளி, அதனால் அவருக்கு முந்தைய ஆள். எனக்கு அவர் ஒரு சத்தம்தான். பெடலை மிதிக்காமல் சக்கரத்தை உருளவிட்டால் டிக் டிக்கென்று கேட்குமே, அந்தச் சத்தம். பெரிய பாறை வந்தால் "முருகா" என்று ஒரு முனகல். நான் தடுமாறினால் "அவசரமில்லீங்க அம்மணி, மெதுவா" என்று ஒரு குரல்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் வேலை. எங்களில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அண்ணன். கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. வெஸ்ட் வின்ட்சரில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான். நானும் என் வீட்டுக்காரரும், யாழ்ப்பாணத்துப் பல் டாக்டர் ஒருவரும், இன்னும் இரண்டு மூன்று பேரும். ஆண்களுக்கு சுகர் ஏறிப்போய் டாக்டர்கள் மிரட்டியதில் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கினார்கள். கேரேஜில் தூசி படியப்போகிறது என்று நான் சொன்னேன். கடைசியில் நானும் ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை விடிந்ததும் வண்டியில் சைக்கிளை மாட்டிக்கொண்டு வடக்கே ஓட்டிப் போவோம். நியூ ஜெர்சியில் ஏது மலை என்று கேட்பவர்கள் அந்தக் காட்டுக்கு வந்து ஒரு நாள் முட்டியைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாதை ஓர் ஆள் அகலம்தான் இருக்கும். எதிரே நடந்து வருகிறவர்கள் ஒதுங்கி நின்று வழி விடுவார்கள். அப்போது முதலில் போகிறவர், தனக்குப் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். "ஃபோர் மோர்" என்பார் பல் டாக்டர். அடுத்தவர் "த்ரீ மோர்" என்பார். இப்படியே குறைந்து, கடைசி ஆள் "ஐ'ம் த லாஸ்ட்" என்று சொன்னதும் அவர்கள் மறுபடி பாதையில் இறங்குவார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அது பிசகினால் யாராவது சக்கரத்துக்குக் குறுக்கே வந்துவிடுவார்கள்.

நான் "ஒன் மோர்" என்று அண்ணனைக் கணக்குச் சொல்லிவிட்டுப் போவேன். பின்னாலிருந்து அவர் குரலும் கேட்கும். "ஒன் மோர், சார்."

முதல் தடவை, என்னைப் பார்த்து அப்படியே சொல்கிறார், பாவம், குழம்பிவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒதுங்கி நின்றவர்கள் ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி. கூடவே ஒரு குண்டு நாய். நாங்கள் கீழே ஓடைக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேலே பார்த்தேன். இரண்டு பேரும் இன்னும் மரத்தோடு மரமாய் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு வாகன நிறுத்தத்தில் அந்த அம்மாள் நேராக அண்ணனிடம் வந்து, எதற்கு எங்களை அவ்வளவு நேரம் நிற்கவைத்தாய் என்று பிடித்துக்கொண்டாள். அண்ணன் கைகட்டி நின்று "சாரி மேடம், வெரி சாரி" என்றார். பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். போகும்போது ஒன்று சொன்னாள். நாங்களாவது பரவாயில்லை, நாய்தான் அந்த இடத்தைவிட்டு வரவே மாட்டேனென்று பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது, தூக்கிக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டது என்றாள்.

எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. வாராவாரம் அதையே கேட்கக் கேட்க எரிச்சல் மண்டியது. எனக்கு வாய் சும்மா இருக்காது, ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஏண்ணே, நீங்கதானே லாஸ்ட்? அப்பறம் யாருண்ணே அந்த இன்னொருத்தர்?"

"இருக்கட்டுமுங்க அம்மணி."

"என்ன இருக்கட்டும்? ஜனங்க வெயிட் பண்றாங்க, திட்றாங்க."

"நாந்தான் கடைசின்னு சொல்ல வாய் வரமாட்டேங்குதுங்க" என்றார். என் சைக்கிளின் செயினைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனிதர். யாருக்கு டியூப் வெடித்தாலும் அவர் பையில் மாற்று டியூப் இருக்கும். கட்டுத்துணி, வலி மாத்திரை, உப்பில் போட்ட நெல்லிக்காய், எல்லாம் இருக்கும். யாரையும் பின்னால் விட்டுவிட்டு அவர் ஒரு அடி நகரமாட்டார். அதில் எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்குள்தான் ஒரு முள்ளும் இருந்தது. எல்லோரும் வந்தாயிற்று, சைக்கிளை மாட்டியாயிற்று, வண்டியைக் கிளப்பவேண்டியதுதான். அண்ணன் மட்டும் டிரங்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் பார்த்து நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை லேசாக ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

சைக்கிளில்தான் இப்படி என்றில்லை. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்த பிறகும் ஒரு ஆளுக்கு வழிவிட்டுத்தான் கையை எடுப்பார். என் மகள், அப்போது மிடில் ஸ்கூல், அதைப் பார்த்துவிட்டு, "ம்மா, ஹூ இஸ் ஹி வெயிட்டிங் ஃபார்?" என்று என் காதில் கேட்டாள். வாயை மூடு என்றேன். அவர் மனைவி ஒரு தடவை மெதுவடை தட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"கேரேஜ் கதவை உடனே மூட உடமாட்டாருங்க. வண்டியை உள்ள நிறுத்திப்போட்டு நிப்பாரு. பொறவுதான் பட்டனை அமுக்குவாரு. நானும் கேக்கறதை உட்டுட்டனுங்."

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"மொதல்ல இருந்துச்சுங்க. இப்ப ஆரும் வரலீன்னாத்தான் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வடையைத் திருப்பிப் போட்டார். எனக்கு அந்த வடை இறங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் எல்லாம் கிண்டல். அவருக்கு உலகத்தில் எதுவுமே சீரியஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் பேப்பர்கூட. "அண்ணே, உங்க ஃப்ரெண்டு இன்னைக்கு வந்திருக்காரா? அவருக்கும் சேர்த்து காஃபி சொல்லட்டுமா?" என்பார். அண்ணன் சிரிப்பார். வம்பிழுக்காதீர்கள் என்று பல் டாக்டர்தான் அதட்டுவார். "சும்மா அந்த மனுசனோட தனகாதேங்கோ."

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, விருந்து வேண்டாம், இத்தாலிக்குப் போய் மலையில் சைக்கிள் ஓட்டவேண்டும் என்று நின்றார். டோலமைட் மலைகள். நாலு பேர் கிளம்பினோம். நாங்கள் இருவர், பல் டாக்டர், அண்ணன். மகளை என் தங்கை வீட்டில் விட்டேன். போகிற வழியெல்லாம் என் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான். என் வீட்டுக்காரரை முழுசாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடவேண்டும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஆள் அவர்.

அந்த மலைகளை நான் என்ன சொல்ல. நம்மூர் மலை என்றால் பச்சையாய் மேலே ஏறும். இது வெறும் கல், சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. மாலை வெயிலில் இளஞ்சிவப்பாக மாறுகிறது. அழகுதான், ஆனால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் கோவேறு கழுதைகளுக்காகப் பாறையைக் குடைந்து போட்ட பாதைகளில்தான் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்கள். சைக்கிள் வாடகைக்குத் தந்த கடைக்காரர், ஒரு இடத்தில் பாதை ரொம்பக் குறுகல், மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கும், கவனம் என்றார். தங்கியிருந்த விடுதியில் காலையுணவின்போது நாங்கள் நாலு பேரும் இத்தாலிய எண்களை மனப்பாடம் செய்தோம். ஊனோ, தூவே, த்ரே. பின்னால் எத்தனை பேர் என்று சொல்லவேண்டுமே, அதற்காக.

கேபிள் காரில் சைக்கிள்களோடு பாதி மலை ஏறினோம். அதற்குமேல் ஓட்டமுடியாத ஏற்றம், தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். என் வீட்டுக்காரரும் பல் டாக்டரும் முன்னால் போய்விட்டார்கள். அண்ணன் வழக்கம்போல எனக்குப் பின்னால். பாதை கொஞ்சம் அகன்ற இடத்தில் பக்கத்தில் வந்தார். அவராகவே ஆரம்பித்தார்.

"நான் கலிஃபோர்னியால இருந்தப்பவே சைக்கிள் ஓட்டுவனுங்க. அங்கயும் நம்ம ஆளுங்க கூட்டம்தான். ஒரு நாள் மலை மேல ஒரு வெள்ளக்காரப் பையன் தனியா நின்னுட்டிருந்தான். கூட வந்தவங்களை உட்டுட்டானாம். உங்க பின்னாடியே வரட்டுமான்னு கேட்டான். வா கண்ணுன்னேன். எனக்குப் பின்னாடி வந்தான்."

"ம்."

"கீழ வந்தப்ப பார்க்குக்காரர் கேட்டைப் பூட்ட நின்னுட்டிருந்தாரு. எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டாரு. நம்ம ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்களான்னு பாத்தனுங்க. எல்லாரும் இருந்தாங்க. நாந்தான் கடைசின்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குக் கால் நின்றுவிட்டது. அவரும் நின்றார்.

"பொய் சொல்லலீங்க அம்மணி. அந்தப் பையன் நெனப்பே வரல. நம்ம ஆளுங்களை மட்டும் எண்ணியே பழகிட்டமுங்க. கேட்டைப் பூட்டிட்டாங்க. நாங்க தோசை சாப்படப் போயிட்டோம். அடுத்த நாள்தான் அவனைக் கண்டுபுடிச்சாங்க. தலையில அடி, உயிரில்லீங்க. பேரு என்னன்னுகூட நான் கேட்டுக்கல."

நீங்க என்னண்ணே பண்ணுவீங்க என்று ஏதோ உளறினேன். இத்தனை வருடம் இந்த மனிதர்மேல் எரிச்சல்பட்டோமே என்று இருந்தது. அவர் சைக்கிளின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அதுல இருந்து, அவனைச் சேத்துத்தான் சொல்றனுங்க" என்றார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பனி இறங்க ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் பாறைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு சேஞ்ச். நான்தான் லாஸ்ட். பர்த்டே பாய் சொல்றேன். நீங்க சொல்ற அந்த இன்னொருத்தர் இன்னைக்கு நான்தான்."

அண்ணன் அவர் கையைப் பிடித்தார். "வேண்டாங்க தம்பி. நான் வர்றேன் பின்னாடி."

"அட, ஒரு தடவை முன்னாடி போய்த்தான் பாருங்களேன்."

"தம்பி, சொன்னாக் கேளுங்க. அம்மணி, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் கத்தினேன். விளையாடாதீங்க, பேசாம முன்னாடி போங்க என்று கத்தினேன். நான் கத்தினால் அவருக்கு இன்னும் குஷி. சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு, நீங்கள் எல்லோரும் போனால்தான் நான் கிளம்புவேன் என்று நின்றார். பல் டாக்டர் கையை விரித்தார். பனி அடர்ந்துகொண்டே இருந்தது, நின்று சண்டை போட நேரமில்லை. டாக்டர் முதலில் போனார், அடுத்து நான், எனக்குப் பின்னால் அண்ணன். அன்றைக்கு எனக்குப் பின்னால் டிக் டிக் சத்தம் சீராக வரவில்லை. நின்று நின்று வந்தது. அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார் என்று புரிந்தது.

பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெள்ளையாய் ஒன்றுமே இல்லை. கீழே எங்கேயோ மாடுகளின் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. குறுகலான அந்த இடத்தில், கைத்தடியோடு ஏறி வந்த ஒரு வயதான இத்தாலியத் தம்பதி பாறையோடு ஒட்டி நின்றார்கள். பல் டாக்டர் "த்ரே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் "தூவே" என்றேன். அண்ணன், என் வீட்டுக்காரர், கணக்குச் சரிதான். எனக்குப் பின்னால் அண்ணன் குரல் கேட்டது.

"தூவே."

இறக்கம் முடிந்து புல்வெளி வந்தது. நாங்கள் நின்றோம். அண்ணன் வந்தார். பனிக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். மாடுகள்தான் வந்தன. பல் டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. அண்ணன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நான் அவர் பின்னாலேயே ஓடினேன். ஏற்றத்தில் மூச்சு கிழிந்தது. கடவுளே, கிண்டல் பண்ணினால் பண்ணட்டும், ஆள் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். அப்போது மேலே விசில் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, திரும்பத் திரும்ப.

விசில் அடித்தவர் அந்த இத்தாலியப் பெரியவர். அவர் மனைவி பாதையின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அங்கே, குட்டையான பைன் புதர் ஒன்றில் சிக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் கிடந்தார். தொடை எலும்பு முறிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடக்கூட மூச்சில்லை. புதருக்கு அந்தப் பக்கம் பள்ளம். அண்ணன்தான் இறங்கி, கட்டுத்துணியால் இறுக்கிக் கட்டி, மீட்பு ஆட்கள் வரும்வரை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பேசிட்டே இருங்க தம்பி, தூங்கக்கூடாது" என்று அவர் சொன்னது மேலே எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பள்ளத்தாக்கு ஊரின் ஆஸ்பத்திரியில் இரவோடு இரவாக ஆபரேஷன் நடந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மறுநாள் மத்தியானம் அந்தத் தம்பதி பார்க்க வந்தார்கள், ஒரு பை ஆப்பிளோடு. நான் அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்து அழுதேன். இளம் நர்ஸ் ஒருத்தி இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். அண்ணன் கதவோரம் நின்றிருந்தார்.

அவர் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

இன்னும் இரண்டு பேர் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அதற்காகக் காத்திருந்தோம் என்றாள் அந்த அம்மாள். ஒருவன் வந்தான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. எங்கள் பக்கத்தில் நின்று கீழே கையைக் காட்டினான். பேசவில்லை. அப்புறம்தான் எட்டிப் பார்த்தோம், புதரில் ஹெல்மெட் தெரிந்தது. அவன் காட்டியிருக்காவிட்டால் நாங்கள் வளைவைத் தாண்டி நடந்திருப்போம்.

"இவரா?" என்று அண்ணனைக் காட்டினேன். அந்த அம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். இவர் முன்னாலேயே போய்விட்டாரே, அவன் சின்னப் பையன் என்றாள். நீங்கள் நின்ற பக்கம்தான் இறங்கிப் போனான், பார்த்திருப்பீர்களே என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

அந்தப் பாதையில் வேறு கிளை கிடையாது. எங்களைத் தாண்டி யாரும் வரவில்லை. இங்கிலீஷ் அண்ணனுக்கும் புரியும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கிட்டே வந்தார். நர்ஸிடம் கேட்காமல் என்னிடம், தமிழில் கேட்டார்.

"அம்மணி, அந்தப் பையனுக்கு அடி பட்டிருந்துச்சான்னு கேளுங்க."

நான் நர்ஸிடம் கேட்டேன். நர்ஸ் அந்த அம்மாளிடம் கேட்டாள். அந்த அம்மாள் வாயால் பதில் சொல்வதற்கு முன்பே, தன் வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, கழுத்து வழியாகச் சட்டைக் காலர்வரை மெதுவாக இழுத்துக் காட்டினாள். பிறகு அந்தக் கையை விரித்து, ஈரம் பார்ப்பதைப்போலப் பார்த்தாள்.

நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒண்ணும் இல்லையாம்ண்ணே. நல்லா இருந்தானாம்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமாயும் ஆறலீங்களா அம்மணி?" என்று கேட்டார்.